அறுபத்தாறு மில்லி

முந்நூற்று முப்பதை ஐந்தால் வகுத்தால்
மிச்சமில்லாமல் அறுபத்தாறு.
அதனால்தான் ஐந்து பேரோடு நிறுத்தினோம்
என்பான் வாகீசன்.
ஆறாவதாக வரக் கேட்டவர்களுக்கும்
இதையே சொல்லி அனுப்பினான்.
ஆறால் வகுத்தாலும் மிச்சம் வராது.
அதை நாங்கள் யாரும்
அவனுக்குச் சொல்லவில்லை.

மருந்துக்கடைக்காரன்.
அளவுக் குழாயைக் கண்மட்டத்துக்கு உயர்த்தி
நுரை அடங்கும்வரை
தன் மூச்சையும் அடக்கியிருப்பான்.

சனிக்கிழமை பின்னேரம்,
குருநகர் ஐஸ் கொம்பனியின் பின்பக்கம்.
மரியசீலன் வேலை முடிந்து
உடைந்த கட்டிகளை வாளியில் அள்ளி வருவான்.
மீனுக்குப் போகிற ஐஸ்.
ஆகவே எங்களுக்கு
எந்தத் தேசத்துப் பியரும்
முதல் மிடறில் கொஞ்சம் சூடைமீன்.

போத்தலின் பின்பக்கம் சொல்லுகிற பழங்களை
நாங்கள் ஒருவரும் தின்றதில்லை.
எனவே வங்கியில் கழித்த பேரேடு ஒன்றில்
எங்களுடைய சொற்களை நான் எழுதுகிறேன்:

மார்கழியில் வந்த பொன்னிறம் —
தோடம்பழத் தோலை நகத்தால் கிள்ளிய கணம்,
பின்னால் வேப்பங்கொட்டை.

கொழும்பிலிருந்து வந்த கறுப்பு —
அடிப்பிடித்த கஞ்சி, கோப்பி,
பிறகு ஒரு மன்னிப்பு.
(சுகந்தினி சொன்னது. விளங்கவில்லை. எழுதினேன்.)

கோதுமையில் காய்ச்சிய கலங்கல் —
கராம்பு, வாழைப்பழம்.
கதலியா இதரையா என்று
பத்தரை மணிவரை சண்டை.
காரைநகர் பஸ் ஓட்டுகிற தயாபரன்
மேசையில் அடித்துச் சொன்னான்:
"இதரை. தோல் கறுத்த இதரை.
நாக்கு இல்லாதவங்கள் எழும்பிப் போங்கோ."
ஒருவரும் எழும்பவில்லை.
இதரை என்றே எழுதினேன்.

போன மாதம் சுகந்தினியின் முறை.
ஜெர்மனியிலிருந்து வந்த ஒன்றுவிட்ட அண்ணன்
காலுறைக்குள் சுற்றிக் கொண்டுவந்த போத்தல்.
முளைவிட்ட பார்லியை
விறகுப் புகையில் வாட்டிக் காய்ச்சுவார்களாம்.
மண்பரிசோதனைக் கூடத்தில் வேலை அவளுக்கு;
மூடியைத் திறக்கும்போதும்
ஒரு மாதிரியைத் திறக்கிற கவனம்.

"கருவாடு," என்றான் மரியசீலன்,
"மழை வரமுன்னம்
வாடியில அவசரமா மூட்டின நெருப்பு."
"சுட்ட பனம்பழம்," அவள்.
"புகையிலைப் போறணை," வாகீசன்,
"உள்ள போய் வந்த ஆளின்ர சேட்டு."
நான் எழுதிக்கொண்டே போனேன்.

தயாபரன் தம்ளரை மூக்கருகே கொண்டுபோனான்.
கீழே வைத்தான்.
மறுபடி எடுக்கவில்லை.
கடல் பக்கம் ஒரு வள்ளத்தின் எஞ்சின்
இருமிவிட்டு நின்றது.

"எனக்குக் காணும்," என்றான்.
தன்னுடையதை எங்கள் நாலு தம்ளர்களிலும்
கண் அளவாலேயே ஊற்றினான்,
நெருக்கமான ஒழுங்கையில் பஸ் திருப்புகிறவனின் நிதானத்தோடு.
குழாயை எடுக்கப்போன வாகீசனின் கை
பாதியில் நின்று
வாளிக்குள் ஐஸைக் கிண்டியது.

"உன்ர பேருக்கு நேர என்ன எழுத?"
"ஒரு கோடு இழு."
இழுத்தேன்.
பேனை கொஞ்சம் கசிந்தது.

நல்ல பியர் அது. சொல்லவேண்டும்.
கடைசி மிடறுவரை குடித்தோம்,
அவன் பங்கையும்.
எந்த ஊர், எந்த வருசம் என்று
ஒருவரும் கேட்கவில்லை;
ஜெர்மனியைப் பற்றியும் கேட்கவில்லை.
தம்ளர்களை அவனே கழுவிக் கவிழ்த்தான்.

அடுத்த சனிக்கிழமை
எங்களுக்கு முன்னமே வந்து குந்தியிருந்தான்.
சட்டைக்குள் ஒரு போத்தல்,
டிப்போவில் யாரோ மாற்றித் தந்ததாம்,
லேபிள் ஈரத்தில் உரிந்து பாதி இல்லை.
"புளிப்பாம்," என்றான்,
"ஒரே புளிப்பு. வேற ஒண்டுமில்லை."

வாகீசன் குழாயை உயர்த்தினான்.
நுரை அடங்கியது. ஊற்றினான்.
தயாபரனின் தம்ளரில்
எழுபதுக்குக் குறையாது.
என்னுடையதில் அறுபத்திரண்டுதான் இருந்திருக்கும்.

உப்பில் ஊறிய தேசிக்காய், மூன்றாம் நாள்,
என்று எழுதினேன்.
"இரண்டாம் நாள்!" என்று
மேசையில் அடித்தான்.